இருளாண்டியின் பெட்டி வாயடைத்த முகூர்த்தம்

நான் சொல்லப் போவது நடந்த கதை. மாரியம்மன் மேல் ஆணை, முருகன் மேல் ஆணை, உஷாராணியின் தே கடையில் இதோ கொதித்துக்கொண்டிருக்கும் இந்த அண்டா மேல் ஆணை. ஆனால் கொஞ்சம் நீட்டுவேன். நீட்டாமல் சொன்னால் அரை கிளாஸ் தேத்தண்ணி காலியாவதற்குள் கதை முடிந்துவிடும், அப்புறம் நீங்கள் எல்லாரும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். எங்கே நீட்டினேன் என்று கண்டுபிடிப்பது உங்கள் பாடு. ஆள் செத்ததையும் ஒரு பெண் மழையில் வாசலில் நின்றதையும் மட்டும் நீட்டவில்லை. அதை நீட்ட எனக்கே மனசு வரவில்லை.

அதோ ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறானே சுப்பன், அவனும் கதையில் வருவான். அவன் வரும் இடத்தில் அவனைக் கொஞ்சம் அழகாகச் சொல்லும்படி ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஒரு ரொட்டிக்கு எவ்வளவு அழகு வருமோ அவ்வளவு வரும்.

இருளாண்டி பிறந்தது டுரியான் துங்காலுக்கு அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பிறக்கும்போது மூக்கு முதலில் வந்ததாம், மிச்ச ஆள் மறுநாள் வந்ததாம். அவ்வளவு பெரிய மூக்கு. தோட்டத்தில் யாராவது மீன் பொரித்தால் எந்த வீடு, என்ன மீன், தலை யார் தட்டில் விழுந்தது என்பது வரைக்கும் படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியே தேய்ந்து, அவனுக்கு மீசை அரும்புவதற்குள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது தங்கச்சி ஜெயமணி. அவளுக்குத் தலை பின்னி விட்டது, பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலில் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது எல்லாம் அவன்தான். அவன் பின்னி விட்ட சடை காக்காய்க் கூடு போல இருக்கும். அவள் அதை அவிழ்க்காமலே பள்ளிக்கூடம் போய் வருவாள்.

பிறகு தோட்ட வேலையை விட்டுவிட்டு பத்து பிரண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி தூக்கினான். வேலை முடிந்தால் வாசிப்பு. கோயில் பஜனையில் ஆர்மோனியம் தட்டிப் பழகிய விரல். தோட்டத்து இசைக்குழு ஒன்றில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். மலாக்கா டவுனில் ஒரு ஹோட்டலில் வாசித்த பேண்டுக்காரர்கள் புது கீபோர்டு வாங்கியதும் பழையதைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். இருளாண்டி தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து அதை வாங்கி வந்தான். சிந்தசைசர் என்று அதற்குப் பேர். தோட்டத்தில் அவ்வளவு நீளப் பேரை யார் சொல்வது? பெட்டி என்றார்கள். கனமோ கனம். நாலு பேர் தூக்கினால் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஐந்தாவது ஆளுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். மேலெல்லாம் திருகுகள், கோழிக்குஞ்சு மாதிரி நெருக்கமாக. அந்தத் திருகுகளை அவன் புரிந்துகொண்டது தெங்கேராவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மஜீது பாய் சொல்லித்தான்.

அது அணைக்கட்டு வற்றிப் போன வருஷம், தொண்ணூற்று ஒன்று. மலாக்கா முழுக்கத் தண்ணீருக்கு வாளியோடு நின்றோம். அந்த வெயிலில் கோழி போடும்போதே முட்டை வெந்துதான் வந்தது. இருளாண்டி பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டான்.

"பாய், இந்தத் திருகு என்னா செய்யுது? இப்டி திருப்புனா பெட்டிக்குச் சளி புடிக்குது, அப்டி திருப்புனா சளி போவுது."

மஜீது பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உங்க தோட்டத்துக்கு இப்ப தண்ணி எப்டி வுடுறாங்க?"

"ஒரு நாளு தொறக்குறான், ஒரு நாளு மூடுறான்."

"அதே கதைதான்லா. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கொழா இருக்குன்னு வச்சிக்க. தொறந்து மூடுது, தொறந்து மூடுது, ஒரு நொடியில நூத்துக்கணக்குல. தொறக்குற நேரமும் மூடுற நேரமும் பாதிக்குப் பாதியா இருந்தா சத்தம் வெறுங்கூடா வரும், மூங்கிலுக்குள்ள ஊதுன மாதிரி. தொறக்குற நேரத்தக் கொறச்சிக்கிட்டே போனா?"

"தண்ணி வராது."

"அவசரப்படாதய்யா, அதுக்கு முன்னாடி. கொழாய லேசா தொறந்தா எப்டி கத்தும்?"

"ஈஈன்னு கத்தும்."

"அதான் ஒன் சளி. பல்ஸு அகலம்னு சொல்லுவாங்க. அகலம் கொறையக் கொறைய சத்தம் மூக்குக்கு ஏறும். ஒன் மூக்குக்குப் பொருத்தம்தான், போ. பக்கத்துத் திருகு இருக்கே, அது அந்த அகலத்தக் கூட்டிக் கொறச்சி ஆட்டும். அப்ப ஒரு ஆளு வாசிச்சா ரெண்டு ஆளு சேந்து ஊதுற மாதிரி கேக்கும்."

இருளாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. மூக்குச் சத்தம், இரண்டு ஆள் ஊதுகிற மாதிரி. அது நாயனமும் ஒத்தும் அல்லவா! அங்கேயே திருகைக் குறைத்துக் குறைத்து வாசித்துப் பார்த்தான். கூடுதலாக இருந்தபோது கிளாரினெட். குறைத்தபோது நாயனம். இன்னும் குறைத்தபோது, ராஜகோபுரத்துக்கு அடியில் நின்று ஊதுகிற நாயனம். இன்னும் ஒரு முடி அளவு குறைத்தான். பெட்டி சட்டென்று ஊமையாகிவிட்டது.

"பாத்தியா?" என்றார் மஜீது பாய். "முழுக்கக் கொறச்சா கொழாயே தொறக்காது. அப்பறம் எங்க சத்தம்?" சிவப்புப் பெயிண்டில் திருகுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார். "இதத் தாண்டாத. இது வயசான பெட்டி. சூடு ஏறுனா உள்ளுக்குள்ள அகலம் தானா நகரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வச்சா நகர எடம் இருக்கு. தாண்டி வச்சேன்னா கெணத்து மேட்டுல ஒத்தக் கால்ல நிக்கிற மாதிரி."

"தாண்ட மாட்டேன் பாய்," என்றான்.

அப்புறம் அவன் பேர் பரவியது. ஒரு தோட்டத்துத் திருவிழாவில் அவன் பெட்டியில் மல்லாரி வாசிக்க, மூன்று தோட்டம் தள்ளி ஒருத்தர் சாமி புறப்பட்டுவிட்டது என்று தேங்காய் உடைத்துவிட்டாராம். சரி, இரண்டு தோட்டம் தள்ளி.

அந்த வருஷம்தான் ஜெயமணிக்கு இடம் வந்தது. மாப்பிள்ளை கணேஸ்வரன், செர்காமில் மீன் லாரி ஓட்டுகிறவன். எப்போதும் சிரித்த முகம். லாரியை நிறுத்திவிட்டு வந்தாலும் அவன் வந்ததை இருளாண்டியின் மூக்கு கால் மைலுக்கு முன்பே சொல்லிவிடும். ஜெயமணிக்கு அவனைப் பிடித்திருந்தது. இருளாண்டிக்கு அதைவிடப் பிடித்திருந்தது. அவன் பயந்தது கணேஸ்வரனின் அம்மா பெத்தம்மாளுக்கு மட்டும்தான். பெத்தம்மாள் முறைத்துப் பார்த்தால் அடுப்பில் பொங்குகிற பால் தானாக உள்ளே இறங்கிப் போகும்.

முகூர்த்த நாளில் மேளக்காரர்கள் கிடைக்கவில்லை. மலாக்காவில் நாயனம் ஊதத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிட்டு மிச்ச விரலால் மூக்குச் சொறியலாம். அத்தனை பேரையும் அன்றைக்கு வேறு கல்யாணத்துக்குப் பேசியாகிவிட்டது. ஒரு தவில்காரர் மட்டும் அகப்பட்டார்.

"நாயனம் நான் வாசிக்கிறேன் அத்தே, பெட்டியில," என்றான் இருளாண்டி.

"டப்பாவுல வர்ற சத்தத்துக்கு எம் மவன் தாலி கட்டணுமா?" என்றாள் பெத்தம்மாள்.

"ஒரே ஒரு வாட்டி கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க."

கேட்டாள். கண்ணைத் திறந்ததும் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். "ஊதுறவன எங்கடா ஒளிச்சி வச்சிருக்க?" என்று கேட்டாள். அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான், அதுவும் அவள் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"இங்க பாரு தம்பி. தாலி ஏறுற நேரத்துல ஒரு தும்மலு, ஒரு கெட்ட சொல்லு அவங்க காதுல வுழக் கூடாது. அதுக்குத்தான் கெட்டிமேளம். எங்கக்கா கல்யாணத்துல ஒருத்தன் தும்முனான், எங்கக்கா ஒரு வருசங்கூட வாழல. நீ வேற எங்க வேணாலும் தப்பா வாசி. அங்க வுட்டுறாத."

"என் தங்கச்சி அத்தே. வுட்டுருவேனா?"

கல்யாணம் தோட்டத்து மண்டபத்தில். தகரக் கூரை. வெயிலோ, பண்டாரம் ஓமகுண்டத்துக்கு நெருப்பு வைக்காமலே நெய் உருகி ஓடியது. சமையலுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. அந்தத் தண்ணீரை டிரம்மில் பிடித்து மண்டபத்துக்குப் பின்னால் வைத்து, சமையல்காரி கருப்பாயியைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். அன்றைக்குத் தங்க நகைக்குக்கூட அப்படி ஒரு காவல் இல்லை.

கூட்டம் பேசிய பேச்சில் நாயனம் எடுபடவில்லை. இருளாண்டி திருகைச் சிவப்புக் கோடு வரைக்கும் கொண்டுவந்தான். இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. கோட்டின் மேலே வைத்தான். பாதி மண்டபம் திரும்பியது. வெள்ளை வேட்டியில் வேர்த்துக்கொண்டிருந்த கணேஸ்வரன் மேடையிலிருந்து "மச்சான், தூள்!" என்று வாயசைத்தான். இருளாண்டி கோட்டைத் தாண்டி ஒரு நூல் திருகினான். சத்தம் ஊசியாகக் கிளம்பியது. பேச்சு நின்றது. வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். யாரோ ஒரு கிழவர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். திருகைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். முகூர்த்தம் முடியட்டும் என்று வைத்துக்கொண்டான்.

பண்டாரம் விரலைத் தூக்கினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

தவில் இடித்தது. இருளாண்டி மேல் ஸ்தாயிக்குப் போனான். ஜெயமணி குனிந்தாள். கணேஸ்வரன் கை அவள் கழுத்துக்குப் பின்னால் போனது. பெட்டியின் சத்தம் மெலிந்தது. நூலாயிற்று. மயிரிழையாயிற்று. இல்லாமல் போயிற்று. கட்டைகளை அவன் விரல் அழுத்திக்கொண்டே இருக்க, ஒன்றும் வரவில்லை. நாயனத்தைப் பார்த்தே வாசிக்கிற தவில்காரர், நாயனம் நின்றதும் ஏதோ சைகை என்று நினைத்துத் தானும் நிறுத்திவிட்டார். கை அந்தரத்தில் நின்றது.

மண்டபம் அப்படியே மௌனம்.

பின்னாலிருந்து டிரம் சாய்கிற சத்தம். அடுத்து கருப்பாயி, வயிற்றிலிருந்து: "அய்யோ போச்சே! எல்லாம் போச்சே!"

தண்ணீர் போச்சு என்று சொன்னாள். ஆனால் அதைக் கேட்டது தாலி முடிச்சு.

இருளாண்டி திருகைப் பாய்ந்து பிடித்துத் திருப்பினான். மூன்றாவது முடிச்சும் விழுந்த பிறகு பெட்டி "ஈஈ" என்று கத்திக்கொண்டு உயிர் பெற்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜெயமணி கூடச் சிரித்துவிட்டாள். பெத்தம்மாள் சிரிக்கவில்லை. ஈரத் தரையில் நடப்பவள் மாதிரி மெதுவாக வந்து மணமக்களுக்கு அட்சதை போட்டாள்.

அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். கணேஸ்வரன் தினமும் ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஜெயமணி அவன் சட்டையைத் துவைத்துத் துவைத்து அந்தச் சட்டை வாசனைக்குப் பழகிவிட்டாள். முழுகாமல் இருந்தாள். பெத்தம்மாளே அவளுக்குப் புளிச்சாதம் கிண்டிக் கொடுத்தாள். வெயில் முடிந்து, வைத்த கடனைத் தீர்ப்பது போல மழை கொட்ட ஆரம்பித்த மாதம், ஒரு விடியற்காலையில் செர்காம் சாலையில் மீன் லாரி வழுக்கி வாய்க்காலில் கவிழ்ந்தது. ஐஸ் கட்டிகளுக்கும் மீன்களுக்கும் அடியிலிருந்து கணேஸ்வரனை எடுத்தார்கள்.

இங்கே நீட்ட ஒன்றும் இல்லை.

சவத்தின் தலைமாட்டில் பெத்தம்மாள் அழுதுகொண்டிருந்தவள், திடீரென்று நிறுத்தினாள். ஜெயமணியைப் பார்த்தாள்.

"அன்னிக்கே கருப்பாயி சொன்னாளே, எல்லாம் போச்சுன்னு. மேளம் நின்னுச்சே. சாமி நிறுத்துனிச்சே. இவ கழுத்துக்குத் தாலி ஆவாதுன்னு சாமி நிறுத்துனிச்சே. எனக்குத்தான் புத்தியில்ல!"

அவ்வளவுதான். சவத்தை எடுத்ததும் ஜெயமணியின் துணிகளை ஒரு பையில் போட்டு அண்ணனோடு அனுப்பிவிட்டார்கள். "இவளும் வேணாம், இவ வயித்துல உள்ளதும் வேணாம். இந்தப் படியேறக் கூடாது." பதினாறாம் நாள் காரியத்தில் புருஷன் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து மனைவியின் தாலியை எடுப்பது வழக்கம். அதற்கும் வரக்கூடாது என்று ஆள் சொல்லி அனுப்பினாள் பெத்தம்மாள். அதனால் ஜெயமணி லயத்தில், செத்தவனின் தாலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை.

"நான் என்னா செஞ்சேன்ணே?" என்று ஒரு நாள் கேட்டாள். "ராசி கெட்டவன்னு சொல்லட்டும், திட்டட்டும், அடிக்கட்டும். நான் அந்த வூட்டுல இருந்துக்கிறேன். அவரு சட்டையெல்லாம் அங்கதான்ணே தொங்குது. புள்ளைக்கி அப்பன் வூடுன்னு காட்ட ஒரு எடம் வேணாமா?"

இருளாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து தெங்கேராவுக்குப் போனான்.

"கோட்டத் தாண்டிட்டேன் பாய்."

மஜீது பாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இருளாண்டி உட்காரவில்லை.

"சாமியும் நிறுத்தல, என் தங்கச்சி ராசியும் நிறுத்தல. பெட்டிதான் நின்னுச்சு. இத அவங்களுக்குக் காட்டிட்டா போதும் பாய். கண்ணால பாத்தா நம்புவாங்க."

"நானும் வர்றேன்."

"நீங்க வந்தா, பேசச் சொல்லி ஆளக் கூட்டியாந்துட்டான்னு சொல்லுவாங்க."

காரியத்தன்று நல்ல மழை. வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டு செர்காமுக்குப் போனான். ஜெயமணியும் வந்தாள். வாசலில் இரும்புக் கதவுக்கு வெளியே, குடையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். உள்ளே விடவில்லை. பெத்தம்மாளின் அண்ணன் மகன் சுப்பன் கதவை மறித்துக்கொண்டு நின்றான். (அழகாகத்தான் நின்றான். வெள்ளைச் சட்டை. ரொட்டிக்கு இது போதும்.)

"பத்து நிமிசம் அத்தே. ஒண்ணு காட்டிட்டுப் போயிர்றேன்," என்றான் இருளாண்டி கதவுக்கு வெளியிலிருந்து.

சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று யாரோ பெரியவர் சொல்ல, பெட்டியை முன்கூடத்தில் வைத்தான். கரண்ட் கொடுத்தான். நாயனம் கிளம்பியதும் உள்ளே இருந்த பெண்களில் இரண்டு மூன்று பேர் அழ ஆரம்பித்தார்கள்.

"இதான் அன்னிக்கி வாசிச்ச சத்தம். இது உள்ளுக்குள்ள தொறந்து மூடுற அகலத்துல வர்ற சத்தம். சூடு ஏறுனா அகலம் தானா கொறைஞ்சி நின்னுரும். அன்னிக்கி அதான் நடந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. சாமி மேல சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

எல்லாரும் காத்திருந்தார்கள். பெட்டி நிற்கவில்லை. நிற்குமா? வெளியே மழை, மேலே சுழலும் காற்றாடி, சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கிறது. அவன் வாசித்துக்கொண்டே இருந்தான். நாயனம் கணீரென்று, குறையில்லாமல், அவன் ஆயுசில் வாசித்ததிலேயே நன்றாக ஒலித்தது.

"ஏன் இப்ப நிக்கல?" என்றான் சுப்பன்.

"இன்னிக்கிச் சூடு இல்ல. நான் காட்டுறேன் பாருங்க." இருளாண்டி ஒரு கையால் கட்டையை அழுத்திக்கொண்டு மறு கையால் திருகைத் திருப்பினான். மெலிந்தது. நூலாயிற்று. நின்றது. "பாத்தீங்களா? இப்டித்தான்!"

பெத்தம்மாள் எழுந்து பக்கத்தில் வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. திருகின் மேல் இருந்த அவன் விரல்களைப் பார்த்தாள்.

"கையால நிறுத்துனா நிக்கிது," என்றாள்.

"இல்லத்தே, அது சும்மா காட்டுறதுக்கு..."

"அன்னிக்கும் இவன் கை அங்கதான் இருந்துச்சு," என்றான் சுப்பன். "நான் பாத்தேன். மேளம் நின்னப்ப இந்தத் திருகப் புடிச்சிக்கிட்டு இருந்தான்."

"நானும் பாத்தேன்," என்றது இன்னொரு குரல். "ஆமா, நானும்." பார்த்தவர்கள் பெருகினார்கள். கல்யாணத்துக்கே வராதவர்கள்கூடப் பார்த்திருந்தார்கள்.

"அது திரும்ப வர வைக்கத்தான் புடிச்சேன்!" என்று சொல்ல இருளாண்டி வாயைத் திறந்தான்.

பெத்தம்மாள் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "அப்ப சாமி நிறுத்தல. அவ ராசி இல்ல." அவள் தலை மெதுவாகத் திரும்பி, மழைக்குள் குடையோடு நின்ற ஜெயமணியின் வயிற்றில் போய் நின்றது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஏதோ இளகியது.

இருளாண்டி அதைப் பார்த்தான். திறந்த வாய் அப்படியே இருந்தது. இப்போது அவன் உண்மையைச் சொன்னால் அந்த முகம் மறுபடி இறுகும். பெட்டி நின்றது என்றால் பெட்டியை நிறுத்தியது யார் என்பார்கள். சாமி என்பார்கள். ராசி என்பார்கள். மனுஷன் நிறுத்தினான் என்றால் மட்டும்தான் அதோடு முடியும்.

"நீதான் நிறுத்துனியா?" என்று கேட்டாள் பெத்தம்மாள்.

"ஆமா," என்றான்.

"ஏன்டா?"

அவன் சுற்றிப் பார்த்தான். படையல் இலையில் சோறு குவித்து வைத்திருந்தது.

"அவ போயிட்டா வூட்டுல சோறாக்க ஆளு இல்ல. கல்யாணம் கலைஞ்சா வூட்டோட இருப்பான்னு நெனச்சேன்."

சுப்பன் விட்ட அறையில் இருளாண்டி சுவரில் போய் விழுந்தான். அந்த மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி வாசலுக்கு எறிந்தார்கள். அது முற்றத்துச் சேற்றில் பல்லெல்லாம் தெரிய மல்லாந்து கிடந்தது. மழை உள்ளே இறங்கியது.

பெத்தம்மாள் தானே போய் இரும்புக் கதவைத் திறந்தாள். "வாம்மா உள்ள. தாலிய எடுக்கணும்." திரும்பி இருளாண்டியிடம் சொன்னாள்: "நீ செத்தாலும் இந்தப் பக்கம் வராத. இவளப் பாக்கக் கூடாது. புள்ளையத் தொடக் கூடாது."

ஜெயமணி குடையை மடக்கினாள். அண்ணனைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"சோத்துக்காண்ணே?" என்றாள்.

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவள் படியேறி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து பெண்களின் ஒப்பாரி எழுந்தது. தாலி எடுத்துவிட்டார்கள். அது கேட்ட பிறகுதான் அவன் அங்கிருந்து கிளம்பினான். பெட்டியை எடுக்கவில்லை.

"நான் போயி சொல்றேன்லா!" என்று, தெங்கேராவில் விஷயத்தைக் கேட்டதும் மஜீது பாய் குதித்தார். "பெட்டியப் பத்தி எனக்குத் தெரியும். நீ பொய் சொன்னேன்னு நான் சொல்றேன்."

"சொன்னீங்கன்னா அவள மறுபடி வெளிய தள்ளுவாங்க. ஒங்க புள்ளைங்க மேல சத்தியம் பண்ணுங்க பாய்."

பாய் சத்தியம் செய்தார். குழந்தை பெண்ணாகப் பிறந்தது. செர்காமில், அப்பன் வீட்டில். இருளாண்டி அதற்குப் பிறகு எங்கும் வாசிக்கவில்லை. தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள், லயம் இடிந்தது. அவன் டவுனில் ஒரு காகிதக் கிடங்குக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனான். ஒரு தடவை மலாக்கா பஸ் ஸ்டாண்டில் எதிரே ஜெயமணி வந்தாள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்திருந்தாள். மூக்கு அவன் மூக்கு, பாவம்.

"யாரும்மா அந்த மாமா நம்மளயே பாக்குறாங்க?"

"தெரியலடா. நீ நட, வா."

இருளாண்டி தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். குழந்தையின் ஷூ புதுசாக இருந்தது. சடை கச்சிதமாகப் பின்னியிருந்தது. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றான்.

பெத்தம்மாள் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம்தான் மஜீது பாய் என்னிடம் வாயைத் திறந்தார். இருளாண்டி இன்னும் அந்தக் கிடங்கு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டான். இருமுகிறான். மூக்கு மட்டும்...

"நீ நிறுத்துலா!" என்று உஷாராணி கரண்டியை அண்டாவில் அடித்தாள். "கெழவிதான் செத்துப் போச்சே? இன்னும் என்னா ரகசியம்? யாராச்சும் இப்பவே போயி ஜெயமணிகிட்டச் சொல்லுங்க. அண்ணங்காரன் சாவறதுக்குள்ள சொல்லுங்க!"

"ஒன்னும் சொல்ல வேணாம்," என்றான் சுப்பன். அவன் ரொட்டி அப்படியே இருந்தது. "ஏழு வருசமா அந்தப் புள்ள அந்த வூட்டுல நல்லாருக்கு. எங்க பெரியப்பன், சித்தப்பன் எல்லாம் இன்னும் இருக்காங்க. மறுபடியும் ராசி, சாமின்னு ஆரம்பிப்பாங்க. ஒனக்கென்னா தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? நீ தப்பா அறைஞ்சது வெளிய தெரிஞ்சிருமேன்னு ஒனக்குப் பயம்!"

"யாருக்குப் பயம்? எந்திரிச்சன்னா..."

"எந்திரிடா பாப்போம்! சோத்துக்குச் சொன்னான்னு நம்புனியே, ஒனக்கு மூள எங்க இருந்துச்சு?"

"அவன் வாயாலதானே சொன்னான்! ஆமான்னு சொன்னானா இல்லியா?"

"இவன் கதையே பாதி பொய்," என்று பின்வரிசையில் ஒருவர் என்னைக் காட்டினார், "இதுக்குப் போயி ஏன்யா சண்ட?" அவர் சட்டையை இன்னொருவர் பிடித்தார். சுப்பன் எழுந்ததில் மேஜை கவிழ்ந்தது. உஷாராணி அடுப்பை அணைத்துவிட்டுத் தன் வேனின் சாவியைக் கையில் எடுத்தாள். "நகருங்கலா, நான் செர்காமுக்குப் போறேன்." சுப்பன் குறுக்கே ஓடிப் போய் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"போக மாட்ட."

"கைய எட்றா."

"மாட்டேன்."

அவள் கரண்டியை ஓங்கினாள்.